பேஸ் மீனுக்கு பெய்ட்காஸ்டர் ரீல்: வாங்குறது, செட் பண்றது, பராமரிக்கிறது

பெய்ட்காஸ்டர்ங்கிறது தூண்டில் ராட் மேல மாட்டுற ஒரு வகை ரீல், அதை வாங்குன நிறைய பேர் கொஞ்ச நாள்லயே அதை கராஜ்ல போட்டுட்டு திரும்ப ஸ்பின்னிங் ரீலுக்கே போயிடுறாங்க. காரணம் கேட்டா எல்லாரும் ஒண்ணையேதான் சொல்லுவாங்க, வீசுனா போதும் லைன் மொத்தமா சிக்கிக்குதுன்னு. அந்த சிக்கு ஏன் விழுதுன்னு புரிஞ்சிக்கிட்டா எந்த ரீல் வாங்கணும், எப்படி செட் பண்ணணும், எங்க எண்ணெய் விடணும் எல்லாத்துக்கும் அதுலயே பதில் இருக்கு, அதனால முதல்ல அதை சொல்லிடுறேன்.

ஸ்பின்னிங் ரீல்ல வீசும்போது ஸ்பூல், அதாவது லைன் சுத்தியிருக்குற உருளை, சுத்தாது, லைன் வளையம் வளையமா உருவிக்கிட்டு போகும். பெய்ட்காஸ்டர்ல அப்படி இல்ல, லூர், அதாவது செயற்கை இரை, லைனை இழுக்க இழுக்க ஸ்பூலே சுத்தித்தான் லைனை விடணும். லூர் காத்துல போகப்போக வேகம் குறையும், ஆனா ஸ்பூல் பழைய வேகத்துலயே சுத்திக்கிட்டு இருக்கும், அது விடுற லைன் வெளிய போக முடியாம உள்ளேயே சுருண்டுக்கும். இதுதான் பேக்லாஷ். வேகமா உதறி வீசும்போது, எதிர்காத்து அடிக்கும்போது, லூர் தண்ணில விழுற நேரத்துல, இந்த மூணு இடத்துலதான் பெரும்பாலும் நடக்கும். அப்ப நம்ம வேலை ஸ்பூல் வேகத்தை லூர் வேகத்தோட ஒத்துப்போக வைக்கிறது, அவ்வளவுதான்.

இவ்வளவு கஷ்டம் எதுக்குன்னா, டெக்சாஸ்ல லேக் ஃபோர்க் மாதிரி ஏரிக்கு போய் பாருங்க, தண்ணிக்குள்ள பட்ட மரங்க நிக்கும், பாசி செடி அடர்த்தியா இருக்கும், லார்ஜ்மவுத் பேஸ்ங்கிற பெரிய வாய் நன்னீர் மீன் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கும். 18.18 பவுண்டுல டெக்சாஸ் மாநில ரெக்கார்டு மீன் 1992ல அங்கதான் மாட்டுச்சு. அந்த மாதிரி இடத்துல 15, 20 பவுண்டு தாங்குற லைன் போட்டு, மீன் கடிச்ச உடனே மரத்துல சுத்திக்கிறதுக்குள்ள இழுத்து வெளிய கொண்டு வரணும், அதுக்கு பெய்ட்காஸ்டர் கொடுக்குற பலம் வேற. கட்டை விரலால ஸ்பூலை நிறுத்தி லூரை நினைச்ச இடத்துல இறக்குறதும் இதுல ரொம்ப சுலபம். நம்ம ஊர்ல விராலுக்கு ஃபிராக், அதாவது தவளை மாதிரி லூர், போட்டு பழகுனவங்களுக்கு இது நல்லாவே தெரியும்.

ரீல் எடுக்கும்போது பாக்க வேண்டியது

முதல்ல கைப்பிடி எந்தப் பக்கம்னு முடிவு பண்ணுங்க, ஏன்னா ஸ்பின்னிங் ரீல் மாதிரி கழட்டி மாத்தி மாட்ட முடியாது. வலது கைக்காரங்க ஸ்பின்னிங்ல இடது கையால சுத்தி பழகியிருந்தா லெஃப்ட் ஹேண்ட் மாடலே எடுங்க, வீசிட்டு கை மாத்த வேண்டியதில்ல. ஷிமானோ கம்பெனி ரீல்ல 150னு இருந்தா வலது, 151னு இருந்தா இடது, ஆன்லைன்ல ஆர்டர் பண்ணும்போது அந்த கடைசி நம்பரை நல்லா கவனிங்க.

அடுத்தது கியர் ரேஷியோ. 7:1னா கைப்பிடி ஒரு சுத்து சுத்துனா ஸ்பூல் ஏழு சுத்து சுத்தும். இழுக்க இழுக்க ஆழமா போற கிராங்க்பெய்ட்ங்கிற லூருக்கு 5, 6 நல்லது, வேகம் கம்மி ஆனா இழுவை ஜாஸ்தி, கை வலிக்காது. ஜிக் (எடை வச்ச தலையோட முள்), பிளாஸ்டிக் வார்ம் (புழு மாதிரி லூர்), ஃபிராக் இதுக்கெல்லாம் தளர்ந்த லைனை சட்டுனு இழுக்கணும், 7, 8 வேணும். ஒரே ஒரு ரீல்தான் வாங்கப் போறீங்கன்னா 7க்கு பக்கத்துல எடுத்துக்கோங்க, எல்லாத்துக்கும் ஓரளவு சரியா வரும். வடிவம் லோ ப்ரொஃபைல், அதாவது தட்டையானது, போதும், உள்ளங்கைல அடங்கும். உருண்டை ரீல் பெரிய மீன், தடிச்ச லைனுக்கு வேணா சரி.

மூணாவது பிரேக், இதுல கொஞ்சம் நிதானமா யோசிங்க. சென்ட்ரிஃபியூகல் பிரேக்ல ஸ்பூல் பக்கத்துல சின்ன சின்ன கட்டைங்க இருக்கும், ஸ்பூல் வேகமா சுத்துனா அது வெளிய தள்ளிக்கிட்டு ஒரு வளையத்துல உரசும், அதனால வீசுற ஆரம்பத்துல நல்லா பிடிக்கும், போகப்போக விட்டுடும். மேக்னட் பிரேக்ல எதுவும் உரசாது, அலுமினிய ஸ்பூல் காந்தத்துக்கு பக்கத்துல சுத்தும்போது வர்ற எதிர்ப்புதான் வேகத்தை குறைக்கும், வெளிய ஒரு டயலை திருப்புனா போதும். டிசின்னு ஒண்ணு இருக்கு, ஸ்பூல் சுத்துறதுலயே கரண்டு எடுத்து உள்ள ஒரு சிப் பிரேக்கை கட்டுப்படுத்தும், பேட்டரி கிடையாது, வீசும்போது ஒரு ரீங்காரம் கேக்கும். டிசி நல்லாதான் இருக்கு, ஆனா முதல் ரீலுக்கு அவ்வளவு காசு போட வேண்டாம்ங்கிறது என் கருத்து, வெளி டயல் வச்ச மேக்னட் ரீல்தான் புதுசா கத்துக்கிறவங்களுக்கு நல்லது, தண்ணி ஓரத்துல நின்னு சைட் பிளேட்டை கழட்டி கட்டையை மாத்திக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. ரொம்ப மலிவானதையும் எடுக்காதீங்க, ஸ்பூல் கனமா இருந்தா நின்ன இடத்துலேர்ந்து சுத்த ஆரம்பிக்கவும் நேரமாகும், நிறுத்தவும் கஷ்டம்.

ராட் 7 அடி, மீடியம் ஹெவி (ஓரளவு விறைப்பு), ஃபாஸ்ட் (நுனிப் பக்கம் மட்டும் வளையும்). அதுக்கு மேல யோசிக்க வேண்டாம்.

லைன் சுத்துறது

12 அல்லது 14 பவுண்டு மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான் லைன், போட்டு ஆரம்பிங்க. ஃப்ளோரோகார்பன் லைன் விறைப்பா இருக்கும், ஒரு தடவை சிக்குனா மடிஞ்ச இடத்துல பலம் போயிடும், விலையும் ஜாஸ்தி. பிரெய்டு, அதாவது பின்னல் லைன், நேரா ஸ்பூல்ல கட்டுனா மொத்தமா வழுக்கி சுத்தும், அடியில கொஞ்சம் மோனோ சுத்திட்டு மேல பிரெய்டு போடணும். ஸ்பூல் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழ வரைக்கும் நிரப்புறது வழக்கம், பழகுற காலத்துல இன்னும் கம்மியாவே வைங்க, லைன் கம்மின்னா ஸ்பூல் எடையும் கம்மி.

இன்னொரு நல்ல வழி இருக்கு. நீங்க வீசக்கூடிய அதிகபட்ச தூரத்துக்கு லைனை வெளிய இழுத்துட்டு, அதுக்கு மேல இன்னும் கொஞ்சம் இழுத்து, ஸ்பூல்ல மிச்சம் இருக்குற லைன் மேல ஒரு துண்டு எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டிட்டு திரும்ப சுத்திடுங்க. எவ்வளவு மோசமா சிக்குனாலும் டேப்புக்கு கீழ போகாது.

செட் பண்றது

அரை அவுன்ஸ், அதாவது 14 கிராம், முள் இல்லாத பிராக்டிஸ் பிளக் (வீசி பழகுறதுக்கான எடை) ஒண்ணு கட்டுங்க. லேசான லூர்ல கத்துக்க ஆரம்பிக்காதீங்க, அது ஸ்பூலை சரியா இழுக்காது.

கைப்பிடி பக்கத்துல ஸ்டார் டிராகுக்கு (மீன் இழுக்கும்போது லைன் எவ்வளவு இறுக்கமா போகணும்னு வைக்கிற நட்சத்திர வடிவ திருகு) அடுத்து ஒரு சின்ன குமிழ் இருக்கும், அதுதான் ஸ்பூல் டென்ஷன். ராடை முன்னாடி நீட்டி கொஞ்சம் மேல தூக்கி பிடிச்சுக்கிட்டு, பிளக்கை நுனிலேர்ந்து ஒரு அடி தொங்க விட்டு, தம்ப் பாரை (ஸ்பூலை விடுவிக்கிற பட்டன்) அமுக்கி விரலை எடுங்க. பிளக் சர்ருனு விழுந்தா குமிழை இறுக்குங்க, அசையவே இல்லன்னா தளர்த்துங்க. மெதுவா இறங்கணும், தரையில தொட்ட உடனே ஸ்பூல் நின்னுடணும், அதுக்கப்புறமும் ஒரு சுத்து சுத்துனா இன்னும் கொஞ்சம் இறுக்கணும். கை பழகுனதும் இந்த குமிழை ஸ்பூல் பக்கவாட்டுல ஆடாத அளவுக்கு மட்டும் வச்சுட்டு மிச்சத்தை பிரேக்குக்கும் விரலுக்கும் விட்டுடலாம், தூரமும் அப்பதான் கிடைக்கும். சில புது டாய்வா ரீல்ல இதை ஃபேக்டரிலயே செட் பண்ணி வச்சிருப்பாங்க, தொட வேண்டாம்.

அடுத்து பிரேக். டயல் 10 வரைக்கும் இருந்தா 8ல வைங்க, 20 வரைக்கும் இருந்தா 15, 16. கட்டை வச்ச ரீல்னா ஆறுல நாலை ஆன் பண்ணுங்க, எதிரும் புதிருமா இருக்கணும், ஒரே பக்கமா போட்டா ஸ்பூல் அதிரும். சிக்கு விழாம வீச வந்ததும் ஒவ்வொரு புள்ளியா குறைச்சுக்கிட்டே வாங்க. லூர் மாத்தும்போதெல்லாம் திரும்ப செட் பண்ணணும், காத்து எதிர்ல வந்தா ஒண்ணு ரெண்டு ஏத்தணும்.

ஆனா எந்த பிரேக்கும் விரலுக்கு ஈடாகாது. 1800களோட ஆரம்பத்துல கென்டக்கில பாரிஸ்ங்கிற ஊர்ல ஜார்ஜ் ஸ்னைடர்னு ஒரு கடிகாரக்காரர் இந்த மாதிரி பல்சக்கர ரீல் செஞ்சாரு, அந்த காலத்து ரீல்ல டயலும் காந்தமும் ஏது, கட்டை விரல்தான் எல்லாமே. இப்பவும் வீசும்போது கைப்பிடி மேல பாக்குற மாதிரி மணிக்கட்டை திருப்பி, விரலை ஸ்பூல்ல வச்சு, உதறாம ராடை வளைய விட்டு வீசுங்க. லூர் போகும்போது விரல் லைனை பட்டும் படாம தொட்டுக்கிட்டே இருக்கட்டும், லைன் மேல எழும்புறது விரல்லயே தெரியும். லூர் தண்ணியை தொடுறதுக்கு ஒரு நொடி முன்னாடி ஸ்பூலை முழுசா நிறுத்திடணும், இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி சிக்கு குறைஞ்சிடும்.

சிக்கிடுச்சுன்னா நகத்தால நோண்டாதீங்க. டிராகை இறுக்குங்க, கட்டை விரலால ஸ்பூலை நல்லா அழுத்திக்கிட்டே கைப்பிடியை ரெண்டு மூணு சுத்து சுத்துங்க, அப்புறம் தம்ப் பாரை அமுக்கி லைனை மெதுவா இழுங்க. நிக்குற இடத்துல திரும்ப அதையே பண்ணுங்க. வளையங்கள் அழுந்தி ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி வெளிய வந்துடும், பெரும்பாலான சிக்கு இதுலயே தீந்துடும்.

மீன் பிடிக்கப் போறதுக்கு முன்னாடி டிராகையும் சரி பண்ணிக்கோங்க, லைன் பலத்துல கால் பங்குலேர்ந்து மூணுல ஒரு பங்குக்குள்ள, 12 பவுண்டு லைனுக்கு 3, 4 பவுண்டு, சின்ன தராசு வச்சு இழுத்து பாத்தா தெரிஞ்சிடும்.

பராமரிப்பு

ஏரில போயிட்டு வந்தா ஈரத்துணியால துடைச்சா போதும். டெக்சாஸ் கடற்கரைல கால்வெஸ்டன் பக்கம் உப்புத்தண்ணில போட்டீங்கன்னா டிராகை இறுக்கிட்டு, குழாய்ல லேசா தண்ணி விட்டு கழுவி உதறி காய வைங்க. வேகமா பீய்ச்சுனா உப்பும் மணலும் உள்ள போயிடும், ஊற வைக்கவே கூடாது.

எண்ணெய் விஷயத்துல எல்லாரும் ஜாஸ்தி ஊத்துறாங்க. லைனை இடம் வலமா கொண்டு போற லெவல்வைண்ட் திருகுல பழைய அழுக்கை காது குடையுற பஞ்சுக் குச்சியால எடுத்துட்டு ஒரு சொட்டு, ஸ்பூல் பேரிங் ரெண்டுலயும் ஒவ்வொரு சொட்டு, கைப்பிடி குமிழ்ல ஒரு சொட்டு. கிரீஸ் பெரிய பல்சக்கரத்துக்கு மட்டும், ஸ்பூல் பேரிங்ல கிரீஸ் போட்டா தூரம் போச்சு. சென்ட்ரிஃபியூகல் கட்டை உரசுற வளையத்துல எண்ணெய் படவே கூடாது, பட்டா பிரேக் பிடிக்காது, நேத்து வரைக்கும் நல்லா வீசுன ரீல் திடீர்னு சிக்க ஆரம்பிக்கும், அப்படி ஆனா முதல்ல அந்த வளையத்தை துடைச்சு பாருங்க. கைப்பிடி பின்னாடி சுத்தாம தடுக்குற ஒன்வே பேரிங்லயும் கிரீஸ் வேண்டாம், முள் ஏத்த இழுக்கும்போது வழுக்கும்.

ஸ்பூலை சுண்டி விட்டு கேளுங்க, கரகரன்னு சத்தம் வந்தா பேரிங்கை கழட்டி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல அலசி, நல்லா காஞ்சதும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டுங்க. அதுக்கப்புறம் ஸ்பூல் முன்னைவிட வேகமா சுத்தும், பழைய செட்டிங் பத்தாது, பிரேக்கை ரெண்டு புள்ளி ஏத்தி திரும்ப செட் பண்ணிட்டு வீசுங்க. கியர் பக்கத்தை திறக்குறதா இருந்தா ஒவ்வொரு பாகம் கழட்டும்போதும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, கைப்பிடி நட்டுக்கு அடியில இருக்குற வாஷருங்க எந்த வரிசைல எந்த பக்கம் பாத்து இருந்துச்சுங்கிறது பின்னாடி ஞாபகத்துக்கு வராது. எடுத்து வைக்கும்போது டிராகை தளர்த்தி வைங்க, டெக்சாஸ் வெயில்ல கார் டிக்கில விட்டுட்டு போகாதீங்க.