ஒன்பதாம் தெருச் சுவரில் படம் ஏற்றுவது எப்படி

தெற்கு ஃபிலடெல்ஃபியாவில், ஒன்பதாம் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். ஊரில் டிராயிங் டீச்சராக இருந்தவள். இங்கே வந்த இரண்டாம் வருடம் வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஒரு சுவரோவியக் குழுவில் பிரஷ் கழுவப் போனேன். இதுவரை நான்கு சுவர் முடித்தாயிற்று. அதில் இரண்டு, இத்தாலியன் மார்க்கெட் (ஒன்பதாம் தெருவில் இத்தாலியக் குடியேறிகளால் உருவான கடைத்தெரு) சுற்றுவட்டாரத்தின் பழைய வாழ்க்கையைச் சொல்பவை. தங்கள் தெருவுக்கும் இப்படி ஒரு படம் வேண்டும் என்று வருகிறவர்கள் என்னிடம் எடுத்த எடுப்பில் கேட்பது "என்ன பெயின்ட்?" என்பதைத்தான். பெயின்ட் கடைசியில் வரட்டும்.

முதலில் மழை பெய்யும் நாளில் குடை பிடித்துக்கொண்டு போய்ச் சுவரைப் பாருங்கள். இந்த ஊர் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய செங்கல் வீடுகள். நடுவில் ஒன்றை இடித்தால் பக்கத்து வீட்டின் மூன்று மாடிப் பக்கச்சுவர் வெளியே தெரியும். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். ஒரு காலத்தில் உட்சுவராக இருந்தது என்பதால் மழையையும் பனியையும் தாங்கக் கட்டியிருக்க மாட்டார்கள். மேலே தண்ணீர்த் தகரம் ஒழுகுகிறதா, அடியில் ஈரம் ஏறுகிறதா, செங்கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புப் பூத்த சுவரில் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் தோலாக உரிந்து வரும். ஒழுகலைச் சரிசெய்த பிறகுதான் பூச்சு வேலை. சிமென்ட் பூசினால் நான்கு வாரமாவது காய விட வேண்டும்.

அடுத்தது, பக்கத்துக் காலி மனை யாருடையது என்று விசாரியுங்கள். அங்கே வீடு எழும்பினால் உங்கள் படம் ஒரே மாதத்தில் மறைந்துவிடும். இந்த ஊரில் அப்படிக் காணாமல் போன சுவர்கள் நிறைய. சுவரின் சொந்தக்காரரிடம் எத்தனை வருடத்துக்கு அனுமதி, யார் பராமரிப்பது என்று எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தை போதாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

இனி, என்ன வரைவது? இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும்.

ஒன்பதாம் தெருவும் மான்ட்ரோஸ் தெருவும் சேரும் இடத்தில் 1995-ல் ஃபிராங்க் ரிஸ்ஸோவின் முகம் பெரிதாக ஏறியது. வரைந்தவர் டயான் கெல்லர். ரிஸ்ஸோ இதே தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்து, போலீஸ் கமிஷனராகி, 1972 முதல் 1980 வரை மேயராக இருந்தவர். மார்க்கெட்டில் பலருக்கு அவர் 'நம்ம பிள்ளை'. ஊரின் கறுப்பின மக்களுக்கோ அந்த முகம் போலீஸ் அடியின் நினைவு. அதன் மேல் பெயின்ட் வீசுவதும், மறுபடி சரிசெய்வதுமாகவே வருடங்கள் போயின. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் கொன்றதை எதிர்த்த போராட்டங்களின் நடுவே, அதை மூடிப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஒரு தனி ஆளின் முகத்தைத் தெருவின் முகமாக்குவது எனக்குப் பிடிக்காமல் போனது அந்தச் சுவரால்தான். பாடகர் மரியோ லான்சா போன்றவர் என்றால் சண்டை வராது. இதே பகுதியில் 1921-ல் பிறந்த பிள்ளை. ஆனாலும் பாடகரின் முகத்தைப் பார்த்து இந்தத் தெருவில் காலை நான்கு மணிக்கு யார் எழுந்தார்கள் என்று தெரிந்துகொள்ள முடியாது.

தனி ஆளை விட்டால் அடுத்த ஆபத்து காலண்டர் படம். எங்கள் முதல் ஸ்கெட்ச்சில் வெனிஸ் நகரத்துக் கோண்டோலாப் படகு இருந்தது, பீசாவின் சாய்ந்த கோபுரமும் இருந்தது. பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டியிடம் ஆசையாகக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எங்க அப்பா அப்ருட்ஸோ மலையில ஆடு மேய்ச்சவர். அவர் எப்போ படகுல போனார்?" என்றார். அவ்வளவுதான், ஸ்கெட்ச் குப்பைக்குப் போனது. 1880-களிலிருந்து இங்கே வந்து குவிந்தவர்களில் பெரும்பாலோர் அப்ருட்ஸோ, கலாப்ரியா, சிசிலி, நேப்பிள்ஸ் பக்கத்துத் தெற்கத்தி ஏழைகள். வெனிஸை அவர்களும் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

எனவே கேளுங்கள். ஆனால் "உங்கள் பாரம்பரியம் என்ன?" என்று கேட்காதீர்கள், கொடியும் பாஸ்தாவும்தான் பதிலாக வரும். "நிலவறையில் என்ன வைத்திருந்தீர்கள்? குளிர்காலத்தில் கடையில் கையை எப்படிச் சூடுபடுத்துவீர்கள்? இறந்தவர் வீட்டுக்கு என்ன சமைத்து எடுத்துப் போவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தவை: கடை வாசலில் பழைய பீப்பாயில் மரக்கட்டை போட்டு எரித்துக் குளிர்காயும் வியாபாரிகள். கோடை முடிவில் மூட்டை மூட்டையாகத் தக்காளி வாங்கி, வீடே சேர்ந்து அரைத்து, பாட்டிலில் அடைப்பது (அந்தக் குழம்புக்கு இங்கே 'கிரேவி' என்றுதான் பெயர். 'சாஸ்' என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்). மார்க்கெட் திருவிழாவில் பன்றிக்கொழுப்பு தடவிய கம்பத்தில் ஏறி உச்சியில் தொங்கும் இறைச்சியையும் சீஸையும் பறிப்பது. நம் வழுக்குமரம்தான், உச்சியில் பணமுடிப்புக்குப் பதில் சலாமி. அப்புறம், கொல்லையில் சொந்த ஊர்க் கிளையிலிருந்து வளர்த்த அத்திமரம். குளிருக்கு அதைச் சாக்கும் பழைய போர்வையும் சுற்றிக் கட்டி வைப்பார்கள்.

பழைய போட்டோக்களை வாங்கி ஸ்கேன் செய்து அன்றே திருப்பிக் கொடுங்கள். போட்டோவின் நடுவில் இருப்பவரைவிட ஓரத்தைப் பாருங்கள். கடைப் பந்தலின் கோடு, தராசு, பெட்டியில் எழுதிய விலை எல்லாம் அங்கேதான் இருக்கும். உயிரோடு இருப்பவர் முகத்தை வரைவதானால் கையெழுத்து வாங்காமல் வரையாதீர்கள்.

இன்று அந்தத் தெருவில் மெக்சிகோவின் புவெப்லாவிலிருந்து வந்தவர்கள் தோர்த்தியா சுடுகிறார்கள், வியட்நாம்காரர்கள் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களும் படத்தில் வேண்டுமா என்று கூட்டத்தில் காரசாரமாகப் பேச்சு நடந்தது. வேண்டும் என்பது என் கட்சி. கடைசியில் ஒரே பந்தலின் கீழ் இரண்டு காலத்து வியாபாரிகளையும் நிறுத்தினோம். எதிர்த்தவர்களில் ஒருவர், புது வியாபாரி தக்காளியைப் பொறுக்குகிற கை தன் தாத்தாவின் கை மாதிரியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, இப்போது வேலை. நேராகச் சுவரில் வரைய வேண்டியதில்லை. 1984-ல் சுவர்க் கிறுக்கலைத் தடுக்கும் நகரத் திட்டத்தின் பகுதியாகத் தொடங்கி, ஓவியர் ஜேன் கோல்டன் வளர்த்தெடுத்த மியூரல் ஆர்ட்ஸ் என்ற சுவரோவிய அமைப்பு இந்த ஊரில் ஒரு முறையைப் பரப்பியிருக்கிறது. பாராசூட் துணி என்று பேச்சுவழக்கில் சொல்வோம். நெய்யாத பாலியெஸ்டர், தையல்காரர் சட்டைக் காலருக்குள் வைக்கும் துணி போல மெல்லியது. 5 அடிக்கு 5 அடி துண்டுகளாக வெட்டி, அதில் வரைந்து, அப்புறம் சுவரில் ஒட்டுவது. 30 அடி உயரம், 40 அடி அகலச் சுவருக்கு 48 துண்டு வரும். ஸ்கெட்ச்சை ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற அளவில் போட்டுக்கொண்டால் கட்டம் பிரிப்பது சுலபம். துணிக்கு ப்ரைமர் அடித்து, புரொஜக்டரில் ஒவ்வொரு கட்டமாகக் காட்டிக் கோடு இழுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் நிற எண் எழுதுங்கள். சர்ச் ஹாலில் மேசை போட்டு, எண் எழுதிய கப்களில் பெயின்ட் வைத்தால், சாரத்தில் ஏற முடியாத பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் வந்து நிரப்புவார்கள். முகத்தையும் கைகளையும் மட்டும் ஓவியருக்கு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு துண்டின் பின்புறமும் எண்ணும், மேல் பக்கம் எது என்று அம்புக்குறியும் போடுங்கள். நான் ஒரு வானத்துண்டைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறேன். இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பெயின்ட் அக்ரிலிக், அதுவும் வெயிலில் வெளுக்காத நிறமிகள். ரெட் ஆக்சைடு, யெல்லோ ஆக்சைடு போன்ற மண் நிறங்கள் நம்மைவிட அதிக நாள் இருக்கும். சிக்கல் தக்காளியில்தான். மலிவுச் சிவப்பு தெற்குப் பார்த்த சுவரில் சில வருடத்தில் ரோஸாகிவிடும். பைரால், குவினாக்ரிடோன் சிவப்புகள் விலை அதிகம். வாங்கித்தான் ஆக வேண்டும்.

ஒட்டும் நாளில் குளிர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 10 செல்சியஸுக்கு, கீழே போகக் கூடாது. உச்சி வெயிலும் கூடாது. கழுவி, ப்ரைமர் அடித்துக் காய்ந்த சுவரில் அக்ரிலிக் ஜெல்லைத் தாராளமாகத் தடவி, துணியின் பின்புறமும் தடவி, மேலிருந்து கீழாகப் பதித்து, பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ள வேண்டும். என் இரண்டாவது சுவரில் ஜூலை மாத மதியம் அவசரப்பட்டேன். துணி போய்ச் சேருமுன் சுவரில் ஜெல் காய்ந்து, ஒரு வியாபாரியின் வயிறு முழுக்கக் கொப்பளம். பிளேடால் கீறி, ஊசியில் ஜெல் ஏற்றி அமுக்கினோம். அதற்குப் பின் நிழல் வரும் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறேன். இணைப்புக் கோடுகளின் மேல் பெயின்ட் அடித்து மறைத்து, முழுதும் காய்ந்ததும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் இரண்டு கை.

வார்னிஷ் முடித்துச் சாரத்தைப் பிரிக்கிற நாளில் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூட்டி வந்தேன். பீப்பாயைப் பார்த்தார், தக்காளியைப் பார்த்தார். சாக்கு சுற்றிய அத்திமரத்தின் முன் நின்று, "பக்கெட் எங்கே?" என்றார். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் உச்சியில் ஒரு பக்கெட்டைக் கவிழ்ப்பார்களாம். இரண்டு வருடப் பேச்சில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை. சாரம் பிரிப்பவர்களை நிறுத்தி, அந்த இடத்தில் வார்னிஷை லேசாக உப்புத்தாளால் தேய்த்து, ஒரு பழைய நீல பக்கெட்டை வரைந்து, மறுநாள் அதன் மேல் மட்டும் திரும்ப வார்னிஷ் அடித்தேன். இப்படித் திருத்தலாம், ஒன்றும் ஆகாது. கூலிதான் ஒரு நாள் கூடும்.