பாரம் தூக்கும் சங்கிலி: கோணத்தைக் கவனியுங்கள்

வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டிப் பக்கம் கடலோரமாக மாடி எழுப்புபவர்கள் சங்கிலியை இரவில் வெளியே போட்டுவிட்டுப் போகாதீர்கள். உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். காலையில் துடைத்து, கையுறையுடன் ஒவ்வொரு வளையமாகத் தடவிப் பாருங்கள். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையம் 9க்குத் தேய்ந்துவிட்டால் அந்தச் சங்கிலியை ஒதுக்கிவிட வேண்டும். வெடிப்போ நெளிவோ இருந்தாலும் அப்படித்தான்.

பலர் கோணத்தை மறந்துவிடுகிறார்கள், எனக்குப் பெரிய பயமும் அதுதான். 1 தொன் கம்பிக்கட்டை இரண்டு சங்கிலிகளில் தூக்கினால் ஒவ்வொன்றுக்கும் பாதிப் பாரம் என்று நினைக்கிறோம். அவை கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 580 கிலோ விழும். 30 பாகைக்குச் சரிந்தால் ஒவ்வொன்றும் முழு 1 தொன்னைத் தாங்க வேண்டும்! சங்கிலி நீளமாக இருந்தால் அவ்வளவு சரியாமல் நிமிர்ந்து நிற்கும், ஆகவே நீளமான சங்கிலியையே எடுங்கள்.

நீளம் மிஞ்சினால் முடிச்சுப் போடவே கூடாது. நீளத்தைக் குறைப்பதற்கென்றே கொளுக்கி இருக்கிறது. கூரான விளிம்பில் சங்கிலி படும் இடத்தில் பலகைத் துண்டு வையுங்கள். பாரஅளவு பொறித்த தகடு இல்லாத சங்கிலியை, யார் அவசரப்படுத்தினாலும், பாரந்தூக்கியில் மாட்டாதீர்கள்.