பழைய பண்ணைவீட்டின் கதையைச் சுவரிலிருந்து தேடுவது எப்படி?

குடும்பப் பண்ணைவீட்டின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் முதலில் பத்திரக் கட்டைத்தான் அவிழ்க்கிறார்கள். நான் அதைக் கடைசிக்கு வைப்பேன். நிலம் யாருடையது என்று பத்திரம் சொல்லும். எந்த அறையில் மாடு நின்றது, எதில் தானியம் கிடந்தது என்று சொல்வது அபூர்வம்.

இன்றைய நிலையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். தரைப்படம் வரைந்து, அடைத்த வாசல், அகட்டிய வாசல், மாற்றிய தரை எல்லாவற்றையும் குறியுங்கள். இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் கற்கள் ஒன்றையொன்று கவ்வாமல் மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாகப் பிரிந்திருந்தால், ஒரு சுவர் பின்னால் வந்து ஒட்டியது. கான்கிரீட் விட்டம் போட்டு அகட்டிய வாசல் பெரும்பாலும் டிராக்டருக்கு வழிவிட்டதாக இருக்கும்.

தொழுவத்தைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. எங்கள் வீட்டில் படிப்பறை என்று பெருமையாகச் சொல்லும் அறையின் சுவர், முழங்கால் உயரம் வரை ஈரக்காற்றில் வியர்க்கும். எத்தனை முறை பூசினாலும் பூச்சு பொரிந்து உதிரும். கால்நடைகளின் சாணமும் சிறுநீரும் சுவரில் ஊறி உண்டான நைட்ரேட் உப்பு, காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதன் விளைவு அது. மாடுகள் போய்ப் பல்லாண்டு ஆனாலும் உப்பு போவதில்லை. மூலைத் தூணிலும், மாட்டின் கழுத்து உரசும் உயரத்தில் மட்டும் மரம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. என் சித்தப்பா இதை இன்றும் ஒப்புக்கொள்வதில்லை.

உத்திரத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். எதுவும் பொருந்தாத வெற்றுத் துளைகள் அதில் இருந்தால், வேறொரு கட்டடத்திலிருந்து பிரித்து வந்த மரமாக இருக்கலாம். மர வளையங்களை எண்ணிக் காலம் கணித்தாலும் கிடைப்பது மரம் வெட்டிய ஆண்டுதான், வீடு கட்டிய ஆண்டு அல்ல.

மறைந்துபோன களமும் குட்டையும் வானிலிருந்து தெரியக்கூடும். 1960 முதல் 1972 வரை கொரோனா என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் வரிசை எடுத்த படங்களின் ரகசியத்தடை 1995இல் நீக்கப்பட்டது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பகுதிக்குத் தேடிப் பாருங்கள்.

பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். "சின்ன வயதில் எந்த இடத்துக்குப் போனால் திட்டு விழும்?" என்று கேளுங்கள். கிணறு, மருந்து வைத்த அறை, முரட்டுக் காளை கட்டிய மூலை எல்லாம் தானாக வெளியே வரும்.

இப்போது பத்திரக் கட்டை அவிழ்க்கலாம். கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினையும் தீக்காப்பீட்டுத் தாள்களும் பயன்படும். அவற்றில்தான் கட்டடங்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெயர்களை ஆண்டுவாரியாக உங்கள் தரைப்படத்தில் பென்சிலால் எழுதுங்கள், அழிக்க வேண்டியிருக்கும்.