ஹீட்டர் குளிர்ந்தால் என்ஜினைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் கடலோர டர்பனில் கார் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை. ஜூலை மாதக் குளிர்கூட இங்கே காலையோடு முடிந்துவிடும். வெயில் ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறோம். அதனால் பதினைந்து, இருபது வயதான நம் கார்களில் ஹீட்டர் வேலை செய்கிறதா என்ற கேள்வியே எழுவதில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு என்3 சாலையில் கிளம்பும் அன்றுதான் அந்தக் குமிழை முதன்முதலாகத் திருப்புகிறோம்.

நானும் ஒரு ஜூலையில் அப்படித்தான் திருப்பினேன். பின் இருக்கையில் அம்மா. மூயி ரிவர் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வெதுவெதுப்பான காற்று வந்தது. பத்து நிமிடத்தில் குளிர்ந்துவிட்டது. என்ஜின் வேகமெடுத்தால் கொஞ்சம் சூடு, வேகம் தணிந்தால் மறுபடியும் பச்சைக் குளிர். சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றதால் ஹீட்டர்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அம்மாவுக்குப் போர்வையை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டே போனேன். வான் ரீனன் கணவாய் ஏற்றத்தில் முள் விறுவிறுவென்று மேலே போனது, பிறகு சட்டென்று கீழே விழுந்தது. சரியாகிவிட்டது என்று எண்ணி மேலும் சில கிலோமீட்டர் ஓட்டினேன். பானெட்டின் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியபோது என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்திருந்தது. விரல் நீளமுள்ள ஒரு ரப்பர் குழாயில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. அவ்வளவுதான் மூலகாரணம்.

அன்று நான் செய்த பிழையைப் பலர் செய்வதைப் பார்க்கிறேன்: ஹீட்டரை ஒரு புகாராகவும் என்ஜின் சூட்டை வேறொரு புகாராகவும் பிரித்துப் பார்ப்பது. ஹீட்டர் தனிக் கருவி அல்ல. டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர் அது. என்ஜினைச் சுற்றி ஓடி அதைக் குளிர்விக்கும் திரவமான அதே கூலன்ட்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. பல கார்களில் அது உயரமான இடத்தில் இருப்பதால், கூலன்ட் குறைந்தால் முதலில் வறண்டுபோவதும் அதுதான். ஓடிக்கொண்டிருக்கும் காரில் சூடாக இருந்த ஹீட்டர் திடீரென்று குளிர்ந்தால், கூலன்ட் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். வண்டியை ஓரங்கட்டுங்கள்.

முள்ளை மட்டும் நம்புவது அடுத்த பிழை. சூட்டை அளக்கும் உணரி கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். கூலன்ட் இறங்கி, அது காற்றிலோ ஆவியிலோ நின்றுவிட்டால், என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழே கிடக்கும். ஏறிய முள் காரணமில்லாமல் விழுவது ஏறுவதைவிடக் கெட்ட செய்தி.

இனி மூடியைப் பற்றிச் சொல்கிறேன். டர்பனிலிருந்து மேட்டுநிலத்துக்குப் போகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு. பழைய கார்கள் பலவற்றில் அது ஏறத்தாழ 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும். அந்த அழுத்தத்தில் கடல்மட்டத்தில் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. டர்பனில் அதன் விளைவு உடனே தெரியாது. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, என்ஜினோ 90 சொச்சத்தில் ஓடுகிறது, மயிரிழையில் தப்பிக்கிறோம். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல பழைய கார்களில் ரேடியேட்டர் விசிறி சுழலத் தொடங்குவதே 95 டிகிரியை ஒட்டித்தான். விசிறி கண்விழிக்கும் முன்பே கொதி வந்துவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஒழுங்காக ஓடிய கார் அங்கே போனதும் ஏன் கொதிக்கிறது என்று ரேடியேட்டரை மாற்றி, பம்பை மாற்றிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். முதலில் மூடியை மாற்றுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் அழுத்த எண் உங்கள் காருக்கு உரியதாகவே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பழைய குழாய்கள் வெடிக்கும்.

என்ஜின் சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். திறந்த கணமே அழுத்தம் விழுந்து, உள்ளே இருப்பதெல்லாம் கொதித்து முகத்தில் பீறிடும். துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தால் ஆபத்தில்லை என்பதும் பொய்.

ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி எறிவது நம் ஊரில் வேரூன்றிவிட்ட வழக்கம். "இந்த வெயிலில் இது எதற்கு அண்ணா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தெர்மோஸ்டாட் வெயிலுக்காக வைத்தது அல்ல, என்ஜின் தனக்கு உகந்த சூட்டை விரைவில் அடைந்து அதிலேயே நிற்பதற்காக வைத்தது. அது இல்லாவிட்டால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும், சிலிண்டர்கள் சீக்கிரம் தேயும், ஹீட்டரிலிருந்து ஒருபோதும் நல்ல சூடு வராது. சில என்ஜின்களில் இன்னும் மோசம். தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் அங்கே குறுக்கு வழியை அடைக்கிறது. அதைக் கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, என்ஜின் முன்னைவிடக் கூடுதலாகக் கொதிக்கும். சோதிப்பது எளிது. ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பை ஏற்றுங்கள். அதன்மேல் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும் சூட்டை ஒட்டி அது திறக்கத் தொடங்க வேண்டும், ஆறினால் முழுக்க மூட வேண்டும்.

ஹீட்டர் மட்டும் குளிர்ந்து, என்ஜினின் சூடு சரியாக இருந்தால், எதையும் கழற்றும் முன் விரல்களைப் பயன்படுத்துங்கள். என்ஜின் அறையின் பின்சுவரில் இரண்டு ரப்பர் குழாய்கள் உள்ளே போகும். வண்டி சூடேறியதும், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் தொட்டுப் பாருங்கள். சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டு அண்ணனின் காரில் இப்படித் தொட்டபோது ஒரு குழாயில் விரலை ஒரு நொடிக்குமேல் வைக்க முடியவில்லை. மற்றது கிணற்றுத் தண்ணீர்போல் இருந்தது. கூலன்ட் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. ஹீட்டருக்குக் கூலன்டை விடும் வால்வு திறந்துதான் இருந்தது. என்ஜின் ஆறியபின் இரண்டையும் கழற்றி, தோட்டக் குழாயை வெளிவழியில் பிடித்து, எதிர்த்திசையில் மெல்லத் தண்ணீர் விட்டோம். முதலில் சொட்டு, பிறகு செம்மண் குழம்பு, கடைசியாக ஈயத்தாள் துணுக்குகளைப் போன்ற வெள்ளிப் பொடி. கசிவை அடைக்கப் பல ஆண்டுகளுக்கு முன் ரேடியேட்டரில் ஊற்றிய பொடிதான் அது. ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு ஓட்டை எது, ஹீட்டரின் மெல்லிய குழல் எது என்று தெரியாது. நட்டநடு வழியில் வீடு சேர வேறு கதியில்லாதபோது தவிர அதை ஊற்றாதீர்கள். கழுவும்போது தண்ணீரை முழு வேகத்தில் விடாதீர்கள். பழைய உலோகம் பிளந்துவிடும்.

இரண்டு குழாய்களும் சூடாக இருந்தும் காற்று குளிர்ந்தே வந்தால், கோளாறு தண்ணீரில் இல்லை. டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் கம்பியோ கதவோ நகரவில்லை. இரண்டுமே சூடாகவில்லை என்றால் கூலன்ட் குறைவு, காற்றடைப்பு, வால்வு இறுகிப்போனது, தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டது, பம்பின் இறக்கை அரித்துப்போனது இவற்றில் ஒன்று. முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல் மூட்டமும், காருக்குள் இனிப்பு வாடையும், காலடிக் கம்பளத்தில் ஈரமும் இருந்தால் ஹீட்டர் ரேடியேட்டரே கசிகிறது.

கூலன்ட் விஷயத்தில் இரண்டு விதமான பிழை உண்டு. ஒரு சாரார் குழாய்த் தண்ணீரை மட்டுமே ஊற்றுகிறார்கள். டர்பனில் தண்ணீர் உறையப்போவதில்லை, உண்மைதான். ஆனால் துருவைத் தடுப்பதும் கூலன்டின் வேலை. அந்த வெறும் தண்ணீரோடு மேட்டுநிலத்து ஹாரிஸ்மித்தில் ஒரு குளிர்கால இரவு காரை வெளியே நிறுத்தினால் அது உறைந்து விரிந்து ரேடியேட்டரையோ என்ஜினையோ பிளந்துவிடலாம். மற்றொரு சாரார் செறிவான கூலன்டை அப்படியே ஊற்றுகிறார்கள். அது தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. நிறத்தை வைத்து ரகத்தைத் தீர்மானிக்காதீர்கள். எந்த ரகம் என்பது காரின் கையேட்டில் இருக்கும். வடித்தெடுத்த பழைய கூலன்டைத் திறந்த வாளியில் விட்டுவைக்காதீர்கள். அதன் இனிப்புக்கு நாய் வந்து நக்கும், சில மடக்கே அதன் உயிரைக் குடித்துவிடும்.

ஊற்றி முடித்ததும் மூடிவிட்டுக் கிளம்புவதும் தவறு. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். மூக்கு மேலே இருக்கும்படி காரைச் சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய என்ஜினை மூடியில்லாமல் ஓடவிட்டு, குமிழிகள் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். காற்று விடும் திருகு இருந்தால் அதையும் திறக்க வேண்டும். எவ்வளவு நேரமாகியும் குமிழிகள் நிற்காவிட்டால், அல்லது ஆறிய என்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் குழாய் கல்லாக இறுகினால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு கூலன்டில் புகுகிறது. நீல நிறச் சோதனைத் திரவம் மஞ்சளாக மாறுகிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சோதனை செய்யாமல் ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

போகும் வழியில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டிலும் அதன் விசிறியை முழு வேகத்திலும் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அந்தக் குட்டி ரேடியேட்டர் என்ஜின் சூட்டில் ஒரு பங்கை இறக்கித் தரும். முள் இறங்காவிட்டால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி அணைத்துவிடுங்கள். தகிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள்.

இப்போது ஒவ்வொரு குளிர்காலப் பயணத்துக்கும் முந்தின நாள் காலையில், என்ஜின் சில்லென்று இருக்கும்போதே மூடியைத் திறந்து கூலன்ட் கழுத்துவரை நிற்கிறதா என்று பார்க்கிறேன். கூலன்ட் வழிந்து சேரும் வெளித்தொட்டியின் அளவுக்கோட்டை மட்டும் பார்ப்பதில்லை. ரேடியேட்டர் காலியாக இருந்தும் தொட்டி நிறைந்து நிற்பதுண்டு. பிறகு குழாய்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துகிறேன். வளைவுகளில் நொறுநொறுவென்று வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றிவிடுகிறேன். கடைசியாக ஹீட்டரைத் திறந்துவிட்டு உம்லாஸ் வரை ஒரு நடை ஓட்டி வருகிறேன். திரும்பி வரும்வரை அதில் சூடு குறையாவிட்டால்தான் அம்மாவிடம் பெட்டியைக் கட்டச் சொல்கிறேன்.