ஆண்டின் சிறந்த ஸ்கா, ரெக்கே ஆல்பம்: ரசிகர் ஓட்டு சறுக்கும் இடங்கள்

டிசம்பர் பிறந்தால், ஜமைக்காவில் தோன்றிய ஸ்கா, ரெக்கே இசை வகைகளின் ரசிகர்களுக்கு ஒரு வேலை வந்துவிடும். அந்த ஆண்டு வந்த ஆல்பங்களில் எது சிறந்தது என்று ஆங்காங்கே ஓட்டெடுப்பு தொடங்கும். வழக்கமான முறை இதுதான்: ஒவ்வொருவரும் பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். முதலிடத்துக்குப் பத்துப் புள்ளி, பத்தாம் இடத்துக்கு ஒரு புள்ளி என்று கூட்டிப் பார்ப்பார்கள். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ரசிகர்கள் உண்மையில் திரும்பத் திரும்பக் கேட்ட ஆல்பம் எது என்று தெரிய வேண்டிய இடத்தில், யாருடைய பெயர் பிரபலம் என்பது மட்டும் தெரிந்து முடிகிறது. இதற்குச் சதி எதுவும் தேவையில்லை. நல்லெண்ணத்தோடு ஓட்டுப் போடுகிறவர்கள் செய்யும் சில்லறைத் தவறுகளே போதும்.

எடுத்துக்காட்டுக்கு 2019ஐ வைத்துக்கொள்வோம். சிக்கல் பிடித்த எல்லா வகை ஆல்பமும் அந்த ஒரே ஆண்டில் வந்தன. பிப்ரவரி முதல் தேதி பிரிட்டனின் ஸ்கா குழுவான தி ஸ்பெஷல்ஸின் 'என்கோர்'. மார்ச்சில் ஜமைக்காவின் இளம் பாடகி காஃபியின் 'ராப்ச்சர்'. மே மாதம், இங்கிலாந்தில் பர்மிங்காமின் ஸ்டீல் பல்ஸ் குழு பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கொண்டுவந்த ஸ்டுடியோ ஆல்பம் 'மாஸ் மானிப்புலேஷன்'. அதே மாதக் கடைசியில் ஜமைக்காவின் லீ 'ஸ்க்ராட்ச்' பெரியின் 'ரெயின்ஃபோர்ட்'. டிசம்பரில் அதன் டப் வடிவமான, அதாவது அதே பாட்டுகளை ஒலிக்கலவையில் பிரித்து மறுபடி கட்டிய, 'ஹெவி ரெயின்'.

பத்து இடம் இருக்கிறதே என்று நிரப்புவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், செய்கிறவருக்கே தெரியாமல் நடப்பதும் இதுதான். உண்மையாகக் கேட்டது நான்கு ஆல்பம். படிவத்தில் பத்துக் கட்டம். மீதி ஆறில் என்ன எழுதுவது? காதில் விழுந்த பெரிய பெயர்களை எழுதிவிட்டு அனுப்பிவிடுகிறோம். எட்டாம் இடம், ஒன்பதாம் இடம்தானே, அதனால் என்ன என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேர் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வைப்போம். ஒரு சின்னக் குழுவின் ஆல்பத்தைப் பன்னிரண்டு பேர் ஊன்றிக் கேட்டு முதலிடம் கொடுத்திருக்கிறார்கள்: 120 புள்ளி. பழம்பெரும் குழு ஒன்றின் சுமாரான ஆல்பத்தை அறுபத்தைந்து பேர், முழுதாகக் கேட்காமலே, ஒன்பதாம் இடத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் இடத்துக்கு இரண்டு புள்ளி. ஆக 130. ஒருவர்கூட முதலிடம் தராத ஆல்பம், பன்னிரண்டு பேர் உயிராக நினைத்த ஆல்பத்தை முந்திவிட்டது.

கேட்டது நான்கு என்றால் நான்கோடு நிறுத்துங்கள். முதலிடத்துக்கான பத்துப் புள்ளி அப்போதும் பத்துதான், அது குறைவதில்லை. ஓட்டெடுப்பு நடத்துகிறவர்கள் சிலர் பத்தும் எழுதாவிட்டால் செல்லாத ஓட்டு என்று தள்ளிவிடுகிறார்கள். இந்த விதியைப் போல முடிவைக் கெடுக்கும் விதி வேறில்லை. பொய்யாக நிரப்பச் சொல்லி அவர்களே கட்டாயப்படுத்துகிறார்கள்.

சின்னத்தைப் பார்த்துக் குத்துவது

வேட்பாளர் யாரென்றே தெரியாமல் சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டு வருவது நமக்குப் பழக்கமான விஷயம். ரெக்கேயில் அந்தச் சின்னம் மார்லி. ஜமைக்காவின் ரெக்கே பாடகர் பாப் மார்லி 1981ல் காலமானார். ரெக்கேவுக்கு அமெரிக்காவின் கிராமி இசை விருது தனியாகக் கொடுக்கத் தொடங்கியது 1985ல்தான். அதனால் அந்த விருது அவர் கைக்கு வரவே இல்லை. ஆனால் 2025ல் அந்தப் பிரிவில் வென்றது எது தெரியுமா? அவரைப் பற்றிய திரைப்படத்தையொட்டி, அவருடைய பாட்டுகளைப் பலரும் பாடிய தொகுப்பு. எதிரில் நின்றவர்களில் வைப்ஸ் கார்ட்டெல், ஷென்சீயா இருவரும் அன்றைய ஜமைக்காவில் ஊரே கேட்டுக்கொண்டிருந்த குரல்கள். என் கணக்கில் அந்தத் தொகுப்புக்குக் கிடைத்தது நினைவுப் பரிசு; ஆண்டின் ஆல்பம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

கிராமியில் ஓட்டுப் போடுவது ரசிகர்கள் அல்ல, அதை நடத்தும் ரெக்கார்டிங் அகாடமியின் உறுப்பினர்கள். அதில் ரெக்கேயை விடாமல் கேட்காதவர்களும் ஓட்டுப் போடலாம் என்பதால், தெரிந்த பெயருக்கு விழுகிறது என்ற புகார் ரொம்ப காலமாக உண்டு. 2022ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த சோஜா குழு, பல ஜமைக்கா கலைஞர்களைத் தாண்டி வென்றபோது அந்தப் புகார் பெரிதாக வெடித்தது. ரசிகர் ஓட்டு இதற்கு மாற்றாக இருக்க வேண்டும். கேட்டவர்கள் மட்டும் சொல்லும் இடமாக இருக்க வேண்டும். அங்கேயும் சின்னம் பார்த்தால் அப்புறம் எதற்குத் தனியாக ஓர் ஓட்டெடுப்பு?

போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது

ரெக்கேயில் பாட்டைத் தூக்கிக்கொண்டு போவது பேஸ் கிட்டார். நான்கு தட்டுத் தாளத்தில் மற்றக் கிட்டார் இரண்டாவது, நான்காவது தட்டில் 'சக்' என்று வெட்டிவிட்டு ஒதுங்கிவிடும். 'ஒன் ட்ராப்' என்ற முறையில் டிரம்மர் முதல் தட்டை அடிக்காமலே விட்டுவிடுவார். அழுத்தம் மூன்றாவது தட்டில்தான் விழும். அந்தக் காலி இடத்தில் நடமாடுவது பேஸ். பல பாட்டுகளில் மனதில் நிற்கும் மெட்டே அதுதான். போனின் சின்ன ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த ஒலி ஏறக்குறைய வராது. 'சக், சக்' மட்டும் மிஞ்சும். பிறகு, "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது" என்று எழுதி ஐந்தில் இரண்டு போட்டுவிடுவார்கள்.

டப் ஆல்பங்களுக்கு இது இன்னும் மோசம். 'ஹெவி ரெயின்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் ஏட்ரியன் ஷெர்வுட் செய்திருப்பது, பாட்டைக் கழற்றிப் போட்டு எதிரொலியும் பேஸும் மேலே வரும்படி மறுபடி கட்டுவது. அதை ஹெட்ஃபோன் இல்லாமல் கேட்பது கேட்டதில் சேராது. விலை உயர்ந்தது வேண்டியதில்லை. சாதாரண இயர்ஃபோன் போதும்.

ஸ்காவில் வேறு மாதிரி சறுக்குகிறார்கள். தொண்ணூறுகளின் அமெரிக்க ஸ்கா பங்க் (ஸ்காவும் பங்க் ராக்கும் கலந்த வகை) கேட்டு வளர்ந்தவருக்கு வேகமும் கிட்டார் இரைச்சலும்தான் ஸ்கா. அறுபதுகளில் ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் இருந்த பாணியில் ஒரு புதுக் குழு வாசித்தால் 'மந்தமாக இருக்கிறது' என்று தள்ளிவிடுவார். அந்தப் பாணியை உருவாக்கிய ஸ்கடலைட்ஸ் குழுவினர் ஜாஸில் கைதேர்ந்தவர்கள். அங்கே ரசிக்க வேண்டியது டிராம்போனும் சாக்ஸபோனும் மாறி மாறி எடுக்கும் தனி வாசிப்பை. எதிர்ப்பக்கமும் உண்டு: பழைய பாணிதான் ஸ்கா, மற்றதெல்லாம் கூச்சல் என்பவர்கள். இரண்டு தரப்பையும் ஒரே பட்டியலில் மோதவிட்டால் எண்ணிக்கையில் பெரிய தரப்பு ஜெயிக்கும், அவ்வளவுதான். ஓட்டுப் போடுகிறவர்கள் போதுமான அளவு இருந்தால் பிரிவுகளைப் பிரித்து வைப்பது நல்லது.

தேதியும் வகையும்

பிப்ரவரியில் வந்த 'என்கோர்' பிரிட்டனில் ஆல்பம் வரிசையில் முதலிடம் பிடித்தது. அப்படிப்பட்ட ஆல்பமே டிசம்பருக்குள் பழசாகிப்போகும் என்றால், அதே மாதம் வந்த சின்னக் குழுவின் கதி என்ன? ஆண்டு முழுவதும் பிடித்ததை ஒரு குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆண்டுக் கடைசியில் வருகிறவற்றுக்கு எதிர்மாறான கஷ்டம். அமெரிக்க ஸ்கா பங்க் குழுவான ரீல் பிக் ஃபிஷ் ஒரு ஆல்பத்தை 2018 டிசம்பர் 21ல் வெளியிட்டது. அதற்குள் பல பட்டியல்கள் முடிந்துவிட்டன. அடுத்த ஆண்டுப் பட்டியலில் அது 'போன வருஷத்தது'. நடத்துகிறவர்கள் டிசம்பர் முதல் நவம்பர் வரை என்று கணக்கு வைக்கலாம், அல்லது ஓட்டை ஜனவரி பாதியில் முடிக்கலாம். எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஜமைக்காவின் டூட்ஸ் அண்ட் தி மேட்டல்ஸ் குழுவின் கடைசி ஆல்பம் 2020 ஆகஸ்ட் 28ல் வந்தது. கிராமியின் அந்த ஆண்டுக் கெடு ஆகஸ்ட் 31. செப்டம்பரில் குழுவின் பாடகர் டூட்ஸ் காலமானார், அடுத்த மார்ச்சில் அந்த ஆல்பம் கிராமி வென்றது. நான்கு நாள் தள்ளி வந்திருந்தால் அந்த ஆண்டுப் போட்டியிலேயே அது இருந்திருக்காது.

எது ஆல்பம் என்ற கேள்வியும் வரும். காஃபியின் 'ராப்ச்சர்' ஐந்தே பாட்டு, இ.பி. (முழு ஆல்பத்தைவிடச் சின்னத் தொகுப்பு) என்றுதான் வெளியானது. கிராமி விதிப்படி அது போதுமானதாக இருந்தது, வென்றும்விட்டது. அந்தப் பிரிவில் தனியாக வென்ற முதல் பெண் அவர்தான். ரசிகர் ஓட்டில் இ.பி.யைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது நடத்துகிறவர் விருப்பம். ஓட்டு பாதி வந்த பிறகு முடிவு செய்வதுதான் தவறு.

லீ பெரியின் இரண்டு ஆல்பங்களும் ஒரே ஆண்டில் வந்ததால் இன்னொரு சிக்கல். ஆளுக்கு ஒரே ஓட்டு என்று வைத்தால் அவருடைய ரசிகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். முப்பது பேர் பதினாறும் பதினாலுமாகப் பிரிந்தால், இருபது ஓட்டு வாங்கிய வேறொன்று மேலே போய்விடும். வரிசைப்படுத்தும் முறையில் இந்தப் பாதிப்பு குறையும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுவது மட்டும் சரியில்லை. டப் ஆல்பம் தனிப் படைப்பு.

கள்ள ஓட்டும் பிரசாரமும்

ஒருவரே நாலு மின்னஞ்சலில் வந்து போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஓர் ஆல்பம் மட்டும் எழுதிய ஓட்டுகள் ஒரே மணி நேரத்தில் குவிந்தால் பார்த்த உடனே தெரியும். குழுக்கள் தங்கள் ரசிகர்களிடம் 'ஓட்டுப் போடுங்கள்' என்று கேட்பதும் தப்பில்லை, சின்னக் குழுவுக்கு வேறு என்ன வழி? வெளியார் புகும்போதுதான் கெடுகிறது. ஆஸ்திரேலியாவின் ட்ரிபிள் ஜே வானொலி நடத்தும் பாட்டு ஓட்டெடுப்பில், டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டுக்காக ஒரு ஹேஷ்டேக் பிரசாரம் நடந்தது. அதில் ஒரு கோழி வறுவல் கம்பெனியும் விளம்பரத்துக்காகக் குதித்தது. 2015 ஜனவரியில் வானொலி அந்தப் பாட்டையே போட்டியிலிருந்து நீக்கிவிட்டது.

எண்ணும் வேலையில் ஒரு சின்ன விஷயம். பெயரைத் தட்டச்சு செய்ய விட்டால் 'லீ பெரி', 'லீ ஸ்க்ராட்ச் பெரி', வெறும் 'ரெயின்ஃபோர்ட்' என்று மூன்று வரிசையாக நிற்கும். கையால்தான் சேர்க்க வேண்டும். வரிசைப்படுத்தாமல் மதிப்பெண் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால், நாலு பேர் பத்துக்குப் பத்து கொடுத்த ஆல்பம் தொண்ணூறு பேர் எட்டரை கொடுத்ததை முந்தாமலிருக்க, குறைந்தது இத்தனை பேர் மதிப்பெண் தந்திருக்க வேண்டும் என்று வரம்பு வையுங்கள்.

முடிவை வெளியிடும்போது முதல் பத்தோடு நிறுத்திவிடுவதுதான் கடைசித் தவறு. முதல் பத்தில் இருப்பதை ரசிகர்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். ஐம்பதாம் இடத்துக்குக் கீழே, மூன்றே பேர் ஓட்டுப் போட்டு, அந்த மூவரில் இரண்டு பேர் முதலிடம் தந்த ஆல்பம் ஏதாவது இருக்கும். மெக்சிகோவோ ஜப்பானோ, ஏதோ ஓர் ஊரின் குழு. முழுப் பட்டியலையும், எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை முதலிடம் என்ற கணக்கோடு வெளியிடுங்கள். நான் அந்தப் பட்டியலைக் கீழிருந்துதான் படிக்கத் தொடங்குவேன்.