உதகைக் குளிரில் சைக்கிள் ஓட்ட எதை உடுத்துவது?

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகமண்டலத்துப் புல்வெளிகளில் உறைபனி படியும் விடியற்காலைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களில் பலர், வீட்டில் இருப்பதிலேயே தடிமனான ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். நடந்து போகிறவருக்கு அது போதும். சைக்கிள் ஓட்டுகிறவருக்குப் போதாது. ஏற்றத்தில் அவர் உடலில் ஊறும் வியர்வையும், இறக்கத்தில் அவருடைய வேகமே உண்டாக்கும் எதிர்க்காற்றும் சேர்ந்துதான் அவரை வாட்டுகின்றன. இந்த இரண்டையும் சமாளிக்கும் உடையே மலைக் குளிருக்கு ஏற்ற உடை. அதன் தடிமன் இரண்டாம் பட்சம்தான்.

எதிர்க்காற்றின் கடுமையைக் கணக்கிட்டே பார்க்கலாம். காற்றால் கூடும் குளிரைக் கணக்கிட அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001 முதல் பயன்படுத்தப்படும் சூத்திரத்தின்படி, வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று பட்டால், மூடாத தோலுக்கு அது பூச்சியத்துக்கும் ஒரு டிகிரி கீழே இருப்பதுபோல் தோன்றும். உதகையிலிருந்து குன்னூர் நோக்கி இறங்கும் சைக்கிள் அந்த வேகத்தை எளிதில் எட்டிவிடும். அப்போது மிதிக்க வேண்டிய வேலை அதிகம் இல்லாததால் உடல் சூட்டை உண்டாக்குவதும் குறைந்துவிடுகிறது.

முதலில் தோலை ஒட்டிய உடுப்பைக் கவனிக்க வேண்டும். நாம் அன்றாடம் அணியும் பருத்திப் பனியன் கோடைக்கு எவ்வளவு இதமோ, இந்தப் பயணத்துக்கு அவ்வளவு பாதகமானது. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு நெடுநேரம் காயாமல் உடம்போடு ஒட்டிக்கிடக்கும். ஈரத்துணி உடற்சூட்டைக் காய்ந்த துணியைவிட மிக விரைவாக வெளியே கடத்திவிடும். அதற்குப் பதிலாக, திருப்பூரில் தாராளமாகத் தைக்கப்படும் மெல்லிய பாலியெஸ்டர் விளையாட்டுப் பனியனை உடம்போடு ஒட்டும் அளவில் வாங்கி அணியலாம். அந்த இழை நீரை உள்ளே இழுக்காததால் வியர்வை வெளிப்புறம் பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும். செலவிட முடிந்தவர்களுக்கு மெரினோ என்ற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளிப் பனியனையே பரிந்துரைப்பேன். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் தோலுக்குச் சில்லென்று இருக்காது; நாள் முழுக்க ஓட்டினாலும் நாற்றம் குறைவு.

அதன்மேல் அணியும் நடு உடுப்பு காற்றைச் சிறைப்படுத்தி வைப்பதற்கானது. ஃப்ளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கை இழையால் ஆன மெல்லிய சட்டையோ, முழுக்கைச் சைக்கிள் ஜெர்சியோ, உதகைத் தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் மார்க்கெட்டில் கிடைக்கும் நெருக்கமான பின்னல் ஸ்வெட்டரோ போதும். முன்புறம் முழுவதும் ஜிப் வைத்ததாக இருப்பது அவசியம். ஏற்றத்தில் சூடு ஏறும்போது வண்டியை நிறுத்தாமலேயே ஜிப்பை இறக்கிவிட்டால், உள்ளாடை நனைவது பெருமளவு குறையும்.

வெளியே போடும் விண்ட்சீட்டரில் காற்று நுழையாமை முதன்மை. மழை தாங்குவது அடுத்ததுதான். ரெக்சின் போன்ற, மூச்சுவிடாத மழைக்கோட்டை ஏற்றத்தில் போட்டால் உள்ளே வியர்வையே மழையாகிவிடும். கைப்பிடியளவுக்கு மடங்கிச் சட்டைப்பையில் அடங்கும் மெல்லிய விண்ட்சீட்டரே சிறந்தது. குனிந்து ஓட்டும்போது இடுப்பு வெளியே தெரியாதபடி பின்புறம் நீண்டும், மணிக்கட்டில் இறுகியும் இருக்க வேண்டும். அதை ஏற்றம் முடிந்து நின்ற பிறகு போட்டுக்கொள்வதைவிட, உச்சிக்குச் சற்று முன்பே, உடம்பில் சூடு இருக்கும்போதே போட்டுக்கொள்வது நல்லது.

இதை, இத்தாலியின் பல நாள் சைக்கிள் பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் 1988 ஜூன் 5 அன்று நடந்த ஓட்டத்தைப் போல விளங்கவைப்பது வேறில்லை. அன்று வீரர்கள் கடந்த காவியா கணவாய் சுமார் 2,620 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவும் 2,637 மீட்டர்தான். அன்று அங்கே கடும் பனி பொழிந்தது. அரைக்கைச் சட்டையோடு முதலில் உச்சியைத் தொட்டவர் யோஹான் வான் டெர் வெல்டே. இறக்கத்தில் உடல் விறைத்து, வழியில் ஒதுங்கிக் குளிர்காய்ந்து, அவர் முடிவிடத்தை அடைந்தபோது நாற்பது நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். ஆன்டி ஹாம்ப்ஸ்டனின் அணியினரோ அன்று காலையே பனிச்சறுக்கு உடைகளையும் கையுறைகளையும் கடைகளில் வாங்கி, உச்சிக்கருகே வீரர்களிடம் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தனர். அன்று முன்னிலைக்கு வந்த ஹாம்ப்ஸ்டன் கடைசிவரை அதை விடாமல் அந்தப் பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கரானார்.

கையுறைக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் கவனம் தரவேண்டும் என்பேன், ஏனெனில் விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாது. கொண்டை ஊசி வளைவில் அது உயிரோடு விளையாடுவது. கடையிலேயே கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு நாணயத்தைத் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். பிறகு உங்கள் சைக்கிளின் பிரேக் பிடியை இரண்டு விரலால் மட்டும் அழுத்திப் பாருங்கள். இரண்டில் ஒன்று முடியாவிட்டாலும், அந்தக் கையுறை எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் வேண்டாம். விரல் நுனியில் சிறிது இடம் இருக்க வேண்டும். இறுகப் பிடித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கை இன்னும் விரைவாகக் குளிரும். கம்பளிப் பின்னல் கையுறை மட்டும் போட்டால் காற்று பின்னலின் இடைவெளிகள் வழியே புகுந்துவிடும், பிடியும் வழுக்கும். வேறு வழியில்லாதபோது, மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கையுறையை உள்ளே போட்டு அதன்மேல் கம்பளியை மாட்டினால் ஓர் இறக்கத்தைச் சமாளித்துவிடலாம்.

பாதத்துக்கும் இதே நியாயம்தான். இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் திணிப்பதால் குளிர் கூடுமே தவிரக் குறையாது. ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போட்டு, காற்றோட்டத் துளைகள் உள்ள ஷூவின் முன்பகுதியைக் காற்றுப் புகாத உறையால் மூடுங்கள். முழங்கால்களைக் குளிரில் திறந்துவிடக் கூடாது. காலோடு ஒட்டிய தெர்மல் பேன்ட் அல்லது கழற்றி மாட்டக்கூடிய கால் உறை போதும். தொளதொளப்பான பேன்ட் சங்கிலியில் சிக்கும். காதுகளை மூட மெல்லிய பட்டையோ, கழுத்து வரை இழுத்துவிடும் குழல் துணியோ ஹெல்மெட்டுக்கு அடியில் பொருந்தும். தடித்த மங்கி குல்லாய் போட்டால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, பாதுகாப்பும் போய்விடும்.

நீலகிரியில் பனிமூட்டம் எந்த நேரமும் இறங்கலாம். கறுப்பு, சாம்பல் நிற விண்ட்சீட்டர்கள் எத்தனை அழகாக இருந்தாலும் அந்த மூட்டத்தில் பேருந்து ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில், ஒளியைத் திருப்பும் பட்டை வைத்ததை வாங்குங்கள்.

கிளம்பும்போது சற்றுக் குளிரவேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் முதல் ஏற்றத்திலேயே நனைந்துவிடுவீர்கள். நெடிய ஏற்றத்துக்குச் செல்பவர்கள் காய்ந்த உள்பனியன் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப்போய் உச்சியில் மாற்றிக்கொள்வது பெரும் பயன் தரும். அதுவும் இல்லையென்றால், பழைய நாளிதழை மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய மலைகளில் பந்தய வீரர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்தது இது.

உதகையின் 2,240 மீட்டரிலிருந்து மேட்டுப்பாளையத்தின் சுமார் 325 மீட்டருக்கு இறங்கும்போது, ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கில் ஏறத்தாழ 12 டிகிரி கூடிவிடும். குன்னூர் தாண்டியதும் கழுத்து ஜிப்பைத் தளர்த்துங்கள்; அதற்கும் கீழே வழியில் வரும் பர்லியாறில் நிறுத்தி விண்ட்சீட்டரையும் காதுப் பட்டையையும் கழற்றிப் பையில் வையுங்கள். கையுறையை மட்டும் கடைசிக் கொண்டை ஊசி வளைவு முடியும்வரை கழற்ற வேண்டாம்.