பேஸ்மென்ட் தரை ஈரமானால், உடைக்கும் முன் இதைப் பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து கனடாவின் ரொறன்ரோவுக்குப் போகிற பிள்ளைகளில் நிறையப் பேர் முதல் சில வருடங்களை யாராவது ஒருவருடைய பேஸ்மென்டில், அதாவது வீட்டுக்கு அடியில் நிலத்துக்குக் கீழே இருக்கிற தளத்தில்தான் கழிக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு அங்கேயே கழிவுநீர்க் குழாய் வேலை பழகி, இருபது வருடத்துக்கு மேல் செய்துவிட்டு, இப்போது கல்லடியில் வந்து இருக்கிறேன். அண்மையில் காரைதீவில் இருந்து போன மருமகன் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் இருந்து வீடியோ கோல் எடுத்தான். "மாமா, உடுப்புத் தோய்க்கிற லோன்றி மெசினுக்குப் பக்கத்தில தரை கசியுது. வந்து பார்த்த ஆள் முழுத் தரையையும் உடைக்கணும் என்கிறார். வீட்டுக்கார அண்ணன் என்னிட்டப் பாதிக் காசு கேட்கிறார்." காசு கொடுக்காதே, உடைக்கவும் விடாதே, ஒரு கிழமை பொறு மனே என்றேன். அந்த ஒரு கிழமையில் அவனுக்குச் சொன்னதைத்தான் புதிதாகப் போன எல்லாருக்கும் எழுதுகிறேன்.

நம் ஊரில் பேஸ்மென்ட் கிடையாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் வீடு கட்டி இருக்கிறோம். மார்கழி மழையில் கிணறு மேலே வரும், தரை ஓதம் பிடிக்கும், மாரி முடிந்து வெயில் எறித்ததும் காய்ந்துவிடும். அதனால் தரை ஈரம் என்றால் தானாக வற்றும் என்று விட்டுவிடுவோம். என் முதல் குளிர்காலத்தில் நானும் அப்படியே விட்டேன். அது ஜனவரி மாதம். வெளியே மண் உறைந்து கல்லாகக் கிடக்கிறது, மழை ஒரு துளி இல்லை. பிறகு எங்கிருந்து தண்ணீர் வரும் என்று யோசிக்காமல் ஒரு மாதம் பழந்துணி போட்டுத் துடைத்தேன். கடைசியில் தரையை வெட்டிப் பார்த்தபோது, கீழே போன வார்ப்பிரும்புக் குழாயின் அடிப்பக்கத்தைத் துரு தின்றிருந்தது. மேல்மாடியில் குளித்த தண்ணீர் எல்லாம் நான் படுத்த அறைக்குக் கீழே ஊறியிருக்கிறது. கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து பார்க்கிற ஊரில் பிறந்தவன், அங்கே கழிவுத் தண்ணீர் மேல் பாய் போட்டுப் படுத்திருந்தேன்.

அங்கே வீட்டுக் கழிவுக் குழாய்கள் பேஸ்மென்ட் கொங்கிரீட்டுக்குக் கீழே ஒன்றுசேர்ந்து, சரிவாகத் தெருப் பக்கம் போகும். பழைய வீடுகளில் உள்ளே வார்ப்பிரும்பு, வெளியே சுட்ட களிமண் குழாய். களிமண் குழாயின் மூட்டுகளுக்குள் மர வேர் நுழையும். பிற்காலத்து வீடுகளில் கறுப்பு பிளாஸ்டிக் குழாய். அது துருப்பிடிக்காது, ஆனால் கீழே மண் இறங்கினால் மூட்டு விலகும்.

தரை ஈரத்துக்குக் கழிவுக் குழாய் மட்டும் காரணம் இல்லை. நல்ல தண்ணீர்க் குழாய் கசியலாம், மழைநீர் மண்ணில் இருந்து ஏறலாம், கோடையில் புழுக்கக் காற்று குளிர்ந்த தரையில் பட்டு வியர்க்கலாம். இவற்றைப் பிரித்து அறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

வியர்வையா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளைக் காய்ந்த தரையில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு மேலே ஈரம் என்றால் அது காற்றில் இருந்து வந்தது. கீழே என்றால் தரைக்குள் இருந்து வருகிறது. அடுத்தது தண்ணீர் மீற்றர். வீட்டில் யாரும் தண்ணீர் பாவிக்காத நேரம் எண்ணை எழுதிவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் நல்ல தண்ணீர் எங்கோ கசிகிறது. கக்கூஸ் தொட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பல தடவை கள்ளன் அதுதான். கழிவுக் குழாயில் அழுத்தம் இல்லை, யாராவது தண்ணீர் விட்டால் மட்டுமே ஒழுகும். ஆகவே மீற்றர் அசையாமல் தரை ஈரமானால், மழைநீரும் கழிவுக் குழாயும்தான் மிச்சம்.

இந்த இரண்டையும் பிரிப்பதற்கு ஒரு கொப்பி போதும். எப்போது ஈரமானது, அன்று மழையா, பனி உருகியதா, மேல்மாடியில் யார் குளித்தார்கள், எப்போது உடுப்புத் தோய்த்தார்கள் என்று ஒரு கிழமை எழுதுங்கள். மழைக்குப் பிறகும், மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போதும் மட்டும் ஈரமானால் மண் தண்ணீர். சனிக்கிழமை உடுப்புத் தோய்த்த பிறகு ஈரமானால் குழாய். மருமகனுடைய கொப்பியில் நான்கு நாள் ஈரம், நான்கும் தோய்த்த நாள். நான் எத்தனையோ வீட்டில் குழாய்க்குள் கமரா விட்டுப் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒழுங்காக எழுதிய கொப்பியைப் போல எனக்கு உதவியது வேறு இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். காலையில் தரை காய்ந்திருக்கும்போது லோன்றித் தொட்டியை நிரப்பித் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் பாருங்கள். அடுத்த நாள் குளியலறை, அதற்கு அடுத்த நாள் குசினி சிங்க். தண்ணீரில் சாப்பாட்டுக் கலர் கலந்தால் இன்னும் தெளிவு. ஒன்றை மறக்க வேண்டாம், கொங்கிரீட்டுக்குக் கீழே சரளைக் கல் பரப்பியிருப்பார்கள், தண்ணீர் அதற்குள் ஓடி எங்கோ வெடிப்பு உள்ள இடத்தில் தலைகாட்டும். ஈரமான இடத்துக்கு நேர் கீழேதான் ஓட்டை என்று நம்பி வெட்டாதீர்கள்.

அழுகிய முட்டை மணம் வந்தால் பயப்படும் முன் தரையில் உள்ள வடிகால் வாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் வளைவில் நிற்கிற தண்ணீர் காய்ந்தாலே கழிவுக் காற்று மேலே வரும். ஊற்றியதும் மணம் நின்றால் சரி. ஊற்றிய தண்ணீர் சில மணி நேரத்திலேயே இறங்கி மறைந்தால், அந்த வளைவே வெடித்திருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு பிளம்பரைக் கூப்பிடுங்கள். அவர் குழாய்க்குள் விடுகிற கமரா வெடிப்பு, வேர், விலகிய மூட்டு, குழிந்த இடம் எல்லாம் காட்டும். ஆனால் தண்ணீர் வெளியே போகிறதா என்று அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு, குழாயைச் சுத்தம் செய்வதற்கென்று விட்டிருக்கிற துப்புரவு வாய் வழியாகக் காற்றடைக்கும் பந்தை விட்டு அடைத்து, தரை மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரம் மேலே யாரும் தண்ணீர் விடக்கூடாது. பழைய களிமண் குழாய் என்றால் மட்டம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதைக் காட்டி முழுக் குழாயையும் மாற்றச் சொன்னால் பந்தை நகர்த்தித் துண்டு துண்டாகச் சோதிக்கச் சொல்லுங்கள். கமராவின் சமிக்ஞையை மேலே இருந்து பிடித்து, இடத்தையும் ஆழத்தையும் தரையில் குறிப்பார்கள். அந்தக் குறியையும் வீடியோப் பிரதியையும் வாங்காமல் யாரையும் உடைக்க விடாதீர்கள்.

காசு விஷயம். ரொறன்ரோ இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் 2006 ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி வீட்டைத் திருத்தி வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. நம்மட ஆள்தானே என்று பாதிக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மரியாதையாக, ஆனால் எழுத்தில், படத்தோடு அறிவியுங்கள். நீங்களே வீடு வாங்கியவர் என்றால், வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தத்தைப் பத்து நாளுக்குள் கைவிட உரிமை உண்டு. ரொறன்ரோவில் அடைப்பு என்றால் முதலில் நகரசபையின் தொலைபேசி எண் 311 க்கு எடுங்கள், தெருப் பக்கக் குழாய் நகரசபையின் பொறுப்பு. வீட்டுக் காப்புறுதியில், கழிவுநீர் குழாய் வழியாக வீட்டுக்குள் மேலெழுந்தால் கிடைக்கிற காப்பு பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

மருமகன் வீட்டில் பந்துச் சோதனையில் லோன்றிப் பக்கத்து மூட்டு ஒன்று மட்டும் பிடிபட்டது. மூன்று அடி நீளத்துக்கு வெட்டினார்கள், செலவை வீட்டுக்கார அண்ணனே ஏற்றார். புதுக் குழாய் வைத்ததும், நகரசபை ஆள் வந்து பார்க்கும் வரைக்கும் குழியை மூடவேண்டாம் என்று சொன்னேன். அதற்கு முதல் நாள் இரவு வீட்டில் உள்ள எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, அவன் டோர்ச் பிடித்து எனக்கு வீடியோவில் காட்டினான். மூட்டு காய்ந்தே இருந்தது.